பொழுதுபோக்கிலிருந்து உத்தியோகத்துக்கு: வானில் உழைக்க வந்த பெண்கள்

எமது பழைய மாணவியர் சங்கம் நூற்றாண்டு காணும் இவ்வேளையில், ஏறத்தாழ அதே வயதுடைய இன்னொரு நிகழ்வையும் நினைவுகூர விரும்புகிறோம். 1926ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டது. அதைப் பெற்றவர் விமானப்படையில் பயின்றவரல்லர். கழகமொன்றில் சேர்ந்து பொழுதுபோக்காகப் பறக்கப் பழகியவர். அந்தப் பொழுதுபோக்கை உத்தியோகமாக்க அவர் பட்ட பாடு பெரியது. அவருக்குப் பின்வந்த பெண்களும் அரை நூற்றாண்டுக்கு மேலாக அதே பாட்டைப் பட்டார்கள். "படிக்கலாம், பழகலாம், ஆனால் உழைக்கப் போக வேண்டாம்" என்ற சொல்லை ஒருமுறையேனும் கேட்டிருக்கும் எம் சகோதரிகளுக்கு இந்த வரலாறு அந்நியமாக இராது என்று நம்பி இதனை எழுதுகிறோம்.

விமானத்துடன் எமக்குள்ள உறவு தலைமுறைக்குத் தலைமுறை வேறுபட்டது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதலாவது வர்த்தகப் பறப்பு இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்றது. அக்காலத்தில் படித்த எம் மூத்தவர்களுக்கு டக்கோட்டா விமானம் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும் அதிசயம். பின்னர் வந்த ஒரு தலைமுறைக்கோ அந்த ஓசை கேட்டதும் புத்தகத்தைப் போட்டுவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய நினைவுதான் முதலில் வரும். அதற்குப் பின் விமானம் எம்மை இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் கொண்டுபோய் இறக்கிய வாகனமாயிற்று. இத்தனை உறவு இருந்தும், முன் ஆசனத்தில் இருந்து அதை ஓட்டுபவர் யார், அந்த ஆசனத்துக்கு ஒரு பெண் எப்படி வந்து சேர்ந்தார் என்று நாம் கேட்டது குறைவு.

இருவகை அனுமதிப்பத்திரம்

வரலாற்றுக்குள் புகுமுன் ஒரு வேறுபாட்டை விளங்கிக்கொள்வது நல்லது. விமானிக்கான அனுமதிப்பத்திரத்தில் அன்றும் இன்றும் இரண்டு படிகள் முக்கியமானவை. தனியார் விமானி அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் தாமே விமானத்தைச் செலுத்தலாம், உறவினரையோ நண்பரையோ ஏற்றிச் செல்லலாம். ஆனால் அதற்குச் சம்பளம் வாங்க முடியாது. வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம் பெற்றவரே பறந்து உழைக்கலாம். பிரித்தானியர் அக்காலத்தில் இவற்றை ‘ஏ’ என்றும் ‘பி’ என்றும் அழைத்தனர். இந்தியாவிலும் அதே வழக்கம் இருந்தது.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்துள்ள இன்றைய பொது விதிகளின்படி, தனியார் அனுமதிப்பத்திரத்துக்கு 17 வயதும் 40 மணித்தியாலப் பறப்பும் வேண்டும். வர்த்தக அனுமதிப்பத்திரத்துக்கு 18 வயதும் 200 மணித்தியாலப் பறப்பும் வேண்டும்; அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியாயின் 150 மணித்தியாலம் போதும். இடையில் இரு வேறு விமான நிலையங்களில் இறங்கி, 540 கிலோமீற்றருக்குக் குறையாத ஒரு நெடும்பயணத்தைத் தாமே பொறுப்பு விமானியாக முடிக்க வேண்டும். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கவும் பழக வேண்டும். வானிலை, வழி கணித்தல், விமானச் சட்டம், இயந்திரம் ஆகிய பாடங்களில் எழுத்துப் பரீட்சையும், தனியாருக்கு உள்ளதைவிடக் கடுமையான மருத்துவப் பரிசோதனையும் உண்டு.

நாற்பதுக்கும் இருநூறுக்கும் இடையிலான அந்த மணித்தியாலங்களில்தான் பொழுதுபோக்குக்காரர் தொழிலாளியாக மாறுகிறார். பொழுதுபோக்காகப் பறப்பவர் வானம் வெளித்திருக்கும் நாள் பார்த்துக் கிளம்பலாம். மனமில்லையென்றால் வீட்டில் இருக்கலாம். தொழிலாகப் பறப்பவர் பிறருடைய உயிரையும் நேர அட்டவணையையும் சுமக்கிறார். ஆகவே அந்தப் பரீட்சை கடினமாக இருப்பது நியாயமே. பெண்களுக்கு மட்டும் அந்தப் பரீட்சை மண்டபத்தின் வாசலே பூட்டப்பட்டிருந்ததுதான் நியாயமற்றது.

சோஃபி என்ற பெண்

அந்தப் பூட்டைத் திறந்தவர் பின்னாளில் ஹீத் சீமாட்டி என்று புகழ்பெற்ற சோஃபி. 1896இல் அயர்லாந்தின் லிமெரிக் மாவட்டத்தில் பிறந்தவர். அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே தாய் தந்தையின் கையால் கொலையுண்டார். தந்தைவழி உறவினரே பிள்ளையை வளர்த்தெடுத்தனர். டப்ளின் நகரில் விவசாய விஞ்ஞானம் படித்துப் பட்டம் பெற்றார். முதலாம் உலகப் போரில் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டு செல்லும் பணியில் இங்கிலாந்திலும் பிரான்சிலும் சேவை செய்தார்.

போர் முடிந்தபின் அவர் இறங்கிய துறை மெய்வல்லுநர் விளையாட்டு. பிரித்தானியாவில் மகளிர் மெய்வல்லுநர் சங்கம் அமைத்தவர்களுள் அவரும் ஒருவர். பெண் ஓடினால், பாய்ந்தால் அவள் உடல் கெட்டுவிடும் என்று மருத்துவர்களே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 1925இல் பிராக் நகரில் கூடிய ஒலிம்பிக் மாநாட்டில் பெண்களின் விளையாட்டுக்காக அவர் பேசினார். 1928இல் அம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கில்தான் முதன்முறையாகப் பெண்கள் ஓட்டம், பாய்தல் முதலிய போட்டிகளில் சேர்க்கப்பட்டனர். பெண்ணின் உடலைக் காரணம் காட்டி மறுப்போருடன் வாதாடும் பழக்கம் சோஃபிக்கு ஆகாயத்துக்குப் போகுமுன் தரையிலேயே வந்துவிட்டது.

அந்த 1925ஆம் ஆண்டில் இன்னொரு வாய்ப்பும் வந்தது. பிரித்தானிய அரசாங்கம் இலகு விமானக் கழகங்களுக்கு உதவிப்பணம் வழங்கத் தொடங்கியது. டி ஹவிலண்ட் நிறுவனம் மொத் என்ற சிறிய இருவர் விமானத்தை அவ்வாண்டிலேயே முதன்முதலாகப் பறக்கவிட்டது. மேல்மூடி இல்லாத ஆசனங்கள், 60 குதிரைவலு இயந்திரம், மடித்து வைக்கக்கூடிய சிறகுகள் கொண்ட விமானம் அது. வட இலண்டனில் ஸ்டாக் லேன் என்ற இடத்தில் ஓகஸ்ட் மாதம் இலண்டன் விமானக் கழகம் தொடங்கியது. அதன் முதற் பெண் அங்கத்தவராகச் சேர்ந்தவர் சோஃபி. விரைவிலேயே ‘ஏ’ அனுமதிப்பத்திரமும் கிடைத்தது.

அதுவரை எவரும் அவரைத் தடுக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். வசதியுள்ள ஒரு பெண் பணம் கட்டி வார இறுதியில் பறந்தால் அதைப் பார்த்து மகிழ்ந்தார்கள். பத்திரிகைகள் படம் போட்டன. அவர் ‘பி’ கேட்டபோதுதான் சிக்கல் எழுந்தது.

தடையும் அதன் நீக்கமும்

விமானப் பயணத்துக்கான விதிகளை வகுத்த சர்வதேச ஆணைக்குழு 1924இல் ஒரு முடிவு செய்திருந்தது. பொதுமக்களை ஏற்றிச் செல்லும் விமானங்களை இயக்கும் பணியில் பெண்களைச் சேர்க்கக்கூடாது என்பதே அது. கைகால் குறைவின்மை போன்ற உடற்தகுதிகளோடு ஆணாக இருப்பதும் ஒரு தகுதியாக வைக்கப்பட்டது. மாதவிடாய் வரும் பெண்ணை நம்பி எப்படி விமானத்தைக் கொடுப்பது என்ற எண்ணம் அதன் பின்னால் நின்றது.

சோஃபி இதை வாய்வாதத்தால் மட்டும் எதிர்க்கவில்லை. மாதத்தின் எல்லா நாட்களிலும் தம்மைப் பரிசோதிக்கலாம் என்று முன்வந்தார். பறந்தார், பரிசோதனைக்கு உட்பட்டார், அதிகாரிகளுக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். 1926இல் தடை நீக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அவர் ‘பி’ அனுமதிப்பத்திரம் பெற்று, பிரித்தானியாவின் முதலாவது பெண் வர்த்தக விமானியானார்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்கிறோம். நூறு ஆண்டுகளுக்கு முன் எம் வீடுகளில் அந்த நாட்களைப் பற்றி வாய்விட்டுப் பேசிய பெண் யார்? தாயிடம்கூடச் சாடையாகத்தான் சொல்லுவோம். ஒரு பெண் அதை அதிகாரிகளின் மேசையில் வைத்து, "வந்து பரிசோதியுங்கள்" என்று சொன்னதற்கு விமானத்தைத் தனியே செலுத்துவதைவிட அதிக துணிவு வேண்டியிருந்திருக்கும்.

1927இல் சேர் ஜேம்ஸ் ஹீத்தை மணந்து சீமாட்டியானார். அடுத்த ஆண்டு தென்னாபிரிக்காவின் கேப் டவுனிலிருந்து அவ்ரோ ஏவியன் என்ற சிறிய திறந்த விமானத்தில் தனியே இலண்டன் நோக்கிப் புறப்பட்டார். மூன்று வாரத்தில் முடிப்பதாக எண்ணிய பயணம் மூன்று மாதமாயிற்று. வழியில் புலவாயோ அருகே வெயில் தாக்கி மயங்கும் நிலையில் விமானத்தை இறக்க நேர்ந்தது. மே மாதம் குரொய்டன் வந்து சேர்ந்தபோது நாடே கொண்டாடியது. அதே ஆண்டு ஹொலண்டின் கே.எல்.எம். நிறுவனத்தில் சில காலம் துணை விமானியாகவும் பறந்தார். நிலையான உத்தியோகம் மட்டும் கிடைக்கவில்லை. அனுமதிப்பத்திரம் கையில் இருந்தது, ஆசனம் இல்லை.

1929இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் நேர்ந்த விமான விபத்தில் தலையில் பலத்த காயமடைந்தார். அதன்பின் அவர் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆயினும் அயர்லாந்துக்கு மீண்டு, டப்ளின் அருகே கில்டொனன் விமானத்தளத்தில் இளைஞருக்குப் பறக்கக் கற்றுக் கொடுத்தார். 1939 மே மாதம் இலண்டனில் ட்ராம் வண்டியில் தவறி விழுந்து காலமானார். அப்போது அவருக்கு வயது 42.

சம் சம்பளம்

ஸ்டாக் லேனில் இன்னொரு பெண்ணும் பறக்கப் பழகினாள். பெயர் பொலின் கோவர். பாராளுமன்ற உறுப்பினரின் மகள். தந்தை பணம் தர மறுத்ததால் வயலின் கற்பித்து அந்தக் காசில் பறப்புப் பாடம் எடுத்தாள். 1931இல் ‘பி’ அனுமதிப்பத்திரம் பெற்றாள். விமான நிறுவனத்தின் வாசலில் காத்திராமல், இயந்திரப் பொறியியல் கற்ற தோழி டொரதி ஸ்பைசருடன் சேர்ந்து சொந்தமாகத் தொழில் தொடங்கினாள். ஊர் ஊராகச் சென்று திருவிழாக் கூட்டத்தினரைக் கட்டணம் வாங்கி வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டும் தொழில். ஒருத்தி செலுத்துவாள், மற்றவள் இயந்திரத்தைப் பார்ப்பாள். ஆயிரக்கணக்கானோர் முதன்முதலாக விமானம் ஏறியது இவ்விரு பெண்களை நம்பித்தான்.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது தொழிற்சாலையிலிருந்து விமானப்படைத் தளங்களுக்கு விமானங்களைக் கொண்டு சேர்க்கும் துணைச்சேவை ஒன்று அமைக்கப்பட்டது. அதன் மகளிர் பிரிவு 1940 ஜனவரியில் எட்டுப் பெண்களுடன் தொடங்கியது. தலைவி பொலின் கோவர். போர் முடிவதற்குள் 160க்கு மேற்பட்ட பெண் விமானிகள் அதில் பணியாற்றினர். அவுஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்து புகழ்பெற்ற ஏமி ஜோன்சன் 1941 ஜனவரியில் உயிர் நீத்தது இந்தப் பணியில்தான். ஆரம்பத்தில் இவர்களுக்கு ஆண்களைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்த சம்பளமே தரப்பட்டது. ஒரே ஸ்பிற்ஃபயர் விமானம், ஒரே மழைமேகம், ஒரே ஆபத்து. சம்பளம் மட்டும் வேறு. கோவர் விடாது வாதாடி 1943இல் சம சம்பளம் பெற்றுக் கொடுத்தார். 1947இல் இரட்டைக் குழந்தைகளைப் பெற்ற வேளையில் அவர் இறந்தார். பிள்ளைகள் பிழைத்தனர்.

எமது அயலில்

கடல் கடந்தால் எமக்கு இந்தியா. 1936இல் லாகூர் விமானக் கழகத்தில் சேலையுடுத்திய இளம் பெண் ஒருவர் ஜிப்சி மொத் விமானத்தில் தனியே பறந்து ‘ஏ’ அனுமதிப்பத்திரம் பெற்றார். அவர் சர்லா தக்ரால். வயது 21, நாலு வயதுப் பெண்பிள்ளைக்குத் தாய். விமானியான கணவரும் கணவரின் குடும்பத்தினரும் தடுக்கவில்லை, ஊக்குவித்தனர். ஆயிரம் மணித்தியாலம் பறந்தபின் ‘பி’ பெறுவதற்காக ஜோத்பூர் சென்று பயின்றார். 1939இல் கணவர் விமான விபத்தில் இறந்தார். உலகப் போர் தொடங்கியதும் சிவில் விமானப் பயிற்சியும் நின்றது. இரு பெண்பிள்ளைகளுடன் நின்ற அவருக்கு உடனே உழைப்பு வேண்டியிருந்தது. லாகூரில் ஓவியம் கற்றார். பிரிவினைக்குப் பின் டெல்லிக்கு வந்து சேலை, நகை வடிவமைப்பில் ஈடுபட்டுப் பிள்ளைகளை ஆளாக்கினார். ஆயிரம் மணித்தியாலம் பறந்த கைகள் பறந்து ஒரு சதமும் உழைக்கவில்லை. இந்த வரலாற்றில் எம் மனதை மிகவும் வருத்துவது இதுதான்.

அவர் விட்ட இடத்திலிருந்து பிரேம் மாத்தூர் தொடர்ந்தார். அலகாபாத்தில் பயின்று 1947இல் வர்த்தக அனுமதிப்பத்திரம் பெற்றார். பல விமான நிறுவனங்கள் பெண் என்பதால் அவரைத் தட்டிக் கழித்தன. ஐதராபாத்தின் டெக்கான் எயர்வேய்ஸ் சேர்த்துக்கொண்டது. எயார் சிலோனின் டக்கோட்டா காங்கேசன்துறையில் முதன்முதல் இறங்கிய அதே ஆண்டில், பாக்கு நீரிணைக்கு அப்பால் ஒரு பெண் வர்த்தக விமானியாகியிருந்தார்.

மெல்பேர்ண் வழக்கு

அவுஸ்திரேலியாவில் வாழும் எம் சகோதரிகளுக்கு அன்செற் என்ற பெயர் நினைவிருக்கும். அந்நாட்டின் பெரிய விமான நிறுவனங்களுள் ஒன்றாக இருந்தது. டெபரா லோறி பதினாறு வயதில் பறக்கப் பழகி, வர்த்தக அனுமதிப்பத்திரம் பெற்று, பிறருக்குக் கற்பிக்கும் பயிற்றுநராகவும் பணியாற்றியவர். அன்செற் அவரைச் சேர்க்க மறுத்தது. விக்ரோரியா மாநிலத்தில் 1977ஆம் ஆண்டின் சமவாய்ப்புச் சட்டம் புதிதாக வந்திருந்தது. அதன் கீழ் அவர் முறையிட்டார். பெண் விமானி பிள்ளை பெறப் போவாள், பயிற்சிச் செலவு வீணாகும் என்பது நிறுவனத்தின் வாதங்களுள் ஒன்று. 1924இல் சொல்லப்பட்டதும் 1979இல் சொல்லப்பட்டதும் அடிப்படையில் ஒன்றே: தகுதியைப் பாராதே, உடலைப் பார்.

1979இல் சமவாய்ப்புச் சபை லோறிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பெண்கள் அமைப்புகள் அந்நிறுவன விமானங்களில் ஏற மறுத்து அவருக்குத் துணை நின்றன. 1980 ஜனவரி 22ஆம் திகதி அலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து டார்வினுக்குச் சென்ற பறப்பில் அவர் விமானியாக அமர்ந்தார். நிறுவனம் தொடர்ந்த மேன்முறையீட்டை அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அவ்வாண்டு மார்ச் மாதம் தள்ளுபடி செய்தது. சோஃபிக்குக் கிடைக்காத நிலையான ஆசனம் அங்கே சட்டத்தால் உறுதியாயிற்று.

இன்று

இன்று இரத்மலானையில் எம் நாட்டுப் பெண்பிள்ளைகளும் பறக்கப் பழகுகிறார்கள். தேசிய விமான சேவையிலும் பெண் விமானிகள் பணியாற்றுகிறார்கள். 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. பதுங்குகுழிக்கு ஓடிய தலைமுறையின் பிள்ளைகள் அங்கே பயண அட்டை பிடித்து வரிசையில் நிற்கிறார்கள். ஆயினும் உலகெங்கும் நூறு விமானிகளை எடுத்தால் பத்துப் பேர்கூடப் பெண்களில்லை. வாசல் திறந்திருக்கிறது, உள்ளே வந்தவர் இன்னும் சிலரே.

அதற்குச் சட்டம் காரணமன்று. அந்த இருநூறு மணித்தியாலத்துக்குப் பெருந்தொகை வேண்டும். மகனுக்குக் கடன்பட்டுக் கொடுக்கும் வீடு மகளுக்குச் சீதனத்தைக் கணக்குப் பார்க்கிறது. பறப்பில் மட்டும் இப்படியில்லை. வீணை பழகினோம், அரங்கேற்றத்துடன் நிறுத்தினோம். தையல், ஓவியம், பலகாரம் எல்லாம் பழகினோம். "கெட்டிக்காரி" என்று ஊர் மெச்சியது. அதைக்கொண்டு கடை போடுகிறேன், சம்பளம் கேட்கிறேன் என்று சொன்னதும் முகங்கள் மாறின. எம்முள் எத்தனை பேரிடம் இன்னும் ‘ஏ’ அனுமதிப்பத்திரம் மட்டும் பெட்டிக்குள் இருக்கிறது!

நூறு ஆண்டுகளாக இச்சங்கம் பாடசாலைக்குக் கட்டடம் தந்திருக்கிறது, நூல்கள் தந்திருக்கிறது, வறிய மாணவியருக்குக் கைகொடுத்திருக்கிறது. அடுத்த நூற்றாண்டுக்கு நாம் வேண்டுவது ஒன்று. எங்கள் பிள்ளை ஒன்று தனக்குப் பிடித்த கலையையோ கருவியையோ கையில் எடுத்து வந்து, "இதிலேயே உழைக்கப் போகிறேன்" என்று சொன்னால், "பொழுதுபோக்காக வைத்துக்கொள் பிள்ளை" என்று நாம் சொல்லாதிருப்போம். எத்தனை மணித்தியாலம் குறைகிறது, எவ்வளவு பணம் குறைகிறது என்று கேட்போம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் கொழும்பிலும் இருக்கும் நாம் கூடினால் அந்தக் குறையை நிரப்புவது பெரிய காரியமன்று.